மூன்றாவது புள்ளி

அக்கா எதையும் இரண்டு பேர் சொல்லி நம்பியதில்லை. மூன்றாவதாக ஒருவர் சொல்ல வேண்டும். காலையில் அலுவலகத்துக்கு வந்து குடையை மடக்குமுன்பே, "பிள்ளை, இண்டைக்குப் பெரியவர் வாறாராமோ?" என்று என்னிடம் கேட்பார். ஓம் என்பேன். வாசலில் காவலாளியிடம் முதலே கேட்டிருப்பார், அவரும் ஓம் என்றிருப்பார். அது போதாதென்று சாரதியைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் பெரியவரின் மேசையைத் துடைக்கத் துணியை எடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் என்ன விசாரணை என்று நினைக்கிற ஆள் நான்.

அவருக்குப் பெயர் இருக்கிறது. இங்கே எழுதவில்லை. எழுதினால் லிங்கநகரில் பாதிப்பேருக்கு அவர் யார் என்று தெரிந்துவிடும். பிறகு நான் யார் என்றும் தெரிந்துவிடும்.

உள்துறைமுக வீதியில் ஒரு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் உதவியாளர்கள். கோப்புத் தூக்குவது, தேத்தண்ணி ஊற்றுவது, கடிதம் கொண்டுபோய்க் கொடுப்பது. அப்போது அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு முப்பத்துநாலு. இரண்டு பேருக்கும் ஒரே குறை, பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியில்லை. அது மட்டும் இருந்தால் எழுதுவினைஞர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. நான் ஒரு தரம் கோட்டை விட்டவள். அவர் மூன்று தரம். "மூண்டு தரமும் பெயில் எண்டபடியால் அது உண்மையாத்தான் இருக்கும்" என்று நான் பகிடி விட்டபோது, "ஓம், அதுதான் நானும் நம்பினனான்" என்று சிரிக்காமல் சொன்னார்.

சனிக்கிழமைகளில் ஒரு ரியூசன் கொட்டிலுக்குப் போனோம். பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நாங்கள் இரண்டு கிழடுகள். பின்வாங்கில் இருந்த பெடியன்கள் எங்களை அன்ரி என்று கூப்பிட்டு அழிறப்பர் இரவல் வாங்குவார்கள். நான் விடையைக் கண்டால் அடுத்த கணக்குக்குத் தாவிவிடுவேன். அக்கா விடையைக் கண்ட பிறகுதான் வேலையைத் தொடங்குவார். கண்டுபிடித்த எண்ணைச் சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்ப்பார். இரண்டு பக்கமும் ஒத்துவந்தால், கீறிய கோட்டில் இன்னொரு புள்ளியை எடுத்து அதையும் போட்டுப் பார்ப்பார். நான் ஐந்து கணக்குச் செய்கிற நேரத்தில் அவர் ஒன்று செய்வார். சோதனை மண்டபத்தில் மூன்று தரம் அவருக்கு நேரம் போதாமல் போனதும் இதனால்தான்.

நேர்கோடு தொடங்கிய நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்பதில்லை. படிப்பித்த சேர் கரும்பலகையில் இரண்டு புள்ளி வைத்து, அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுத்தார். "ஒரு நேர்கோட்டைக் கீற இரண்டு புள்ளி போதும்" என்றார். நான் எழுதிக்கொண்டேன். "ஆனால் மூன்றாவது ஒன்றையும் குறித்துப் பாருங்கோ, பிழை விட்டிருந்தால் அது காட்டித்தரும்" என்றார். அதற்குள் நான் கொப்பியின் அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன். அக்கா என் தொடையில் தட்டினார். முகம் அப்படியே மலர்ந்திருந்தது.

"பிள்ளை, இது எனக்கு மட்டும் உள்ள நோய் வருத்தம் எண்டெல்லே இவ்வளவு நாளும் நினைச்சன். புத்தகத்திலயும் கிடக்கு!"

அன்றிலிருந்து மூன்றாவது புள்ளி என்பது எங்களுக்குள் ஒரு சொல்லாகிவிட்டது. கிளினிக்கில் தாதி இரண்டு தரம் பிரசர் பார்த்து ஒரே எண்ணைச் சொன்ன பிறகும், "இன்னொருக்காப் பாருங்கோ தங்கச்சி" என்று கையை நீட்டுவார். தாதி என்னைப் பார்ப்பாள். "மூன்றாவது புள்ளி" என்பேன். அவளுக்கு ஒன்றும் விளங்காது, ஆனாலும் பார்ப்பாள்.

அவருக்கு ஒரு கலியாணம் சரிவந்து நின்றுபோனதும் இந்தப் பழக்கத்தால்தான். முப்பது வயதில் வந்த சம்பந்தம். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை என்று தரகரும் சொன்னார், மாப்பிள்ளையின் சித்தப்பாவும் சொன்னார். அக்கா பஸ் ஏறிப் போய், அவர் வேலை செய்த இடத்துக்குப் பக்கத்துக் கடையில் சோடா வாங்கிக் குடித்து, கடைக்காரரிடம் கதை கொடுத்திருக்கிறார். அந்த மனுசனுக்கு வேறொரு ஊரில் மனைவியும் பிள்ளையும் இருப்பதைக் கடைக்காரர்தான் சொன்னார். அதற்குப் பிறகு வேறு சம்பந்தம் வரவில்லை. லிங்கநகரில் தம்பியின் வீட்டில், தம்பி, தம்பி மனைவி, அவர்களின் மகள் என்று அந்த மூன்று பேரோடும் இருந்துவிட்டார். அந்தச் சின்னப்பிள்ளை இவரோடுதான் படுக்கும். தம்பிக்கு ஒரு பைபர் போட் இருந்தது. உள்துறைமுகக் கரையில் கட்டி, விடிய வெளிக்கிட்டு வெளிக்கடலுக்குப் போய் மீன் பிடிப்பார்.

மத்தியானத்தில் அலுவலகத்துக்கு முன்னாலுள்ள மரநிழலில் இருந்து கணக்குச் செய்வோம். ஒரு நாள் அக்கா அரை மணித்தியாலம் பாடுபட்டுக் கீறிய வரைபுத்தாளை, சோற்றுப் பார்சலை மோப்பம் பிடித்து வந்த மான் ஒன்று இழுத்துத் தின்றுவிட்டது. எங்கள் ஊரில் மான்கள் ஆடு மாடு திரிகிற மாதிரித்தான் திரியும். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் இன்னொரு தாளை எடுத்து அச்சுக்களைக் கீறத் தொடங்கினார். "விடை வந்ததுதானே அக்கா, விடுங்கோவன்" என்றேன். "திரும்பவும் அதே கோடு வருதோ எண்டு பாப்பம்" என்றார்.

படித்திறனும் வெட்டுத்துண்டும் அவருக்கு நெடுநாள் விளங்கவில்லை. வை சமன் எம் எக்ஸ் சக சி என்று மந்திரம் மாதிரிச் சொல்லுவார், ஆனால் எம் என்ன செய்கிறது, சி எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண் கலங்கும். விளங்கவைத்தது நானுமில்லை, சேருமில்லை, மண்ணெண்ணெய் வரிசை. நாட்டில் எண்ணெய் இல்லாமல் போன அந்தக் காலத்தில் தம்பியின் போட்டுக்கு மண்ணெண்ணெய் வாங்க அக்கா லீவு போட்டுவிட்டுக் கானோடு வரிசையில் நிற்பார். ஒரு நாள் அங்கிருந்து எனக்குப் போனில் கோல் எடுத்தார்.

"பிள்ளை, பிடிச்சிட்டன்! நான் வந்து நிக்கேக்க எனக்கு முன்னால அறுவது கான். அது சி. பத்து நிமிசத்துக்கு மூண்டு கான் போகுது. அது எம். குறைஞ்சு போறபடியால சய மூண்டு. கோடு கீழ வந்து எக்ஸ் அச்சை வெட்டுற இடத்தில எனக்கு எண்ணெய்!"

"எத்தினை மணிக்கு வெட்டுது?"

"மூண்டு மணித்தியாலம் இருவது நிமிசம். ஆனா நில்லுங்கோ, இன்னொருக்கா எண்ணிப் பாக்கிறன்."

இன்னொரு தரம் எண்ணிப் பார்த்ததில் பத்து நிமிடத்துக்கு இரண்டு கான்தான் போயிருந்தது. கோடு மாறிவிட்டதே என்று முன்னுக்குப் போய்ப் பார்த்தால், பக்கக் கதவால் தெரிந்த ஆட்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா போட்ட சத்தத்தில் அந்தக் கதவைப் பூட்டினார்களாம். அடுத்த நாள் அலுவலகம் முழுக்க இதே கதைதான். அவ்வளவு சந்தோசமாக அவரை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் தம்பிக்கு ஒரு கோடு கீறிக் கொடுக்க வெளிக்கிட்டார்.

முந்தியென்றால் தம்பி இரண்டு கான் எண்ணெய் கொண்டுபோவார், ஒன்று ஓட, மற்றது கைகாவலுக்கு. இப்போது கிடைப்பதே ஒரு கான். அதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம், எப்போது திரும்ப வேண்டும் என்று அவருக்குத் திட்டமாகத் தெரியவில்லை. பயந்து பயந்து கிட்டவே வலை போட்டு வெறுங்கையோடு வந்தார். அக்கா ஒரு தடியில் அங்குலம் குறித்துக் கொடுத்தார். கான் சதுரக் கான், நேரான சுவர், அங்குலத்துக்கு அங்குலம் எண்ணெய் ஒரே அளவு. வெளிக்கிடும்போது பதினாறு அங்குலம். இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகு பன்னிரண்டு. தம்பி அளந்து வந்து சொன்ன இந்த இரண்டையும் அக்கா வரைபுத்தாளில் குறித்தார். சித்திரை மாதம், காற்றேயில்லை, கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

தம்பி ஒரு மத்தியானம் தாளை வாங்க அலுவலகத்துக்கே வந்தார். மரநிழலில் மூன்று பேரும் நின்றோம். கோடு கீறியாயிற்று. வை சமன் சய இரண்டு எக்ஸ் சக பதினாறு. எட்டு மணித்தியாலத்தில் கான் காயும். மூன்றரை மணித்தியாலம் போய், மூன்றரை மணித்தியாலம் வந்தால் ஒரு மணித்தியாலம் மிச்சம். நான் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அக்கா தாளைக் கொடுக்கவில்லை. "தம்பி, சோளகக் காத்துத் துவங்கினாப் பிறகு ஒருக்கா, திரும்பி வரேக்க அளந்துகொண்டு வா. அந்தப் புள்ளியையும் வைச்சுப் பாத்திட்டுத் தாறன்."

"அதுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல கிடக்கே அக்கா" என்றார் தம்பி.

எனக்குப் பெரியவர் பெல் அடிக்கிற சத்தம் கேட்டது. போகிற அவசரம். மூன்றாவது புள்ளி என்று கேட்டதுமே வருகிற எரிச்சல் வேறு. "அக்கா, நேர்கோட்டுக்கு ரெண்டு புள்ளி போதும். புத்தகத்திலயே கிடக்கு. குடுத்து விடுங்கோ, அந்தாள் உழைக்கட்டும்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கணக்கில் நான் அவரைவிடக் கெட்டி என்று அவர் நம்பினார். தாளைக் கொடுத்துவிட்டார். தம்பி அதை ஒரு பொலித்தீன் உறைக்குள் போட்டு, போட்டின் இருக்கைக்குக் கீழே ஒட்டி வைத்தார்.

சித்திரையிலும் வைகாசியிலும் கோடு பிசகவில்லை. மூன்றரை மணித்தியாலம் போனார், மீன் பட்டது, வந்தார். ஒரு நாள் எனக்கும் ஒரு பாரை மீன் கொடுத்து விட்டிருந்தார். நான் அதைக் குழம்பு வைத்துத் தின்றேன்.

ஆனியில் சோளகம் கிளம்பியது. எங்கள் பக்கத்தில் அது தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது முகத்தில் அறையும். தம்பிக்கு அது தெரியாதா என்று நான் என்னையே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். தெரியாமல் இருக்காது. பத்து வயதிலிருந்து கடலுக்குப் போன ஆள். ஆனால் இரண்டு மாதமாக அந்தத் தாள் பொய் சொல்லவில்லை, அது படித்த அக்கா கீறியது, மீனும் எட்டத்தான் கிடந்தது. இப்படியெல்லாம் சொல்லி என் மனதை ஆற்றப் பார்ப்பேன். ஆறாது.

மூன்று நாள் தேடினார்கள். நாலாம் நாள், ஆழ்கடலுக்குப் போய் வந்த பெரிய படகொன்று தம்பியின் போட்டைப் புல்மோட்டைக் கரைக்கு இழுத்து வந்தது. என்ஜினில் ஒரு கோளாறுமில்லை. கான் காய்ந்து கிடந்தது. தம்பி அதில் இல்லை. அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த சாமான்களுக்குள் அந்தப் பொலித்தீன் உறையும் இருந்தது. தம்பியின் மனைவி முற்றத்தில் எல்லார் முன்னாலும் அதைத் தூக்கிப் பிடித்தார். "இதென்ன? ஆர் கீறினது இது? மூண்டரை மணித்தியாலம் போ எண்டு ஆர் எழுதிக் குடுத்தது?"

நான் அக்காவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கை கையில் முட்டுகிற அளவு பக்கம்.

"நான்" என்றார் அக்கா.

"சரியெண்டு ஆரிட்டயாவது கேட்டனீங்களோ?"

"இல்லை மச்சாள். நான்தான் கீறினனான். நான்தான் குடுத்தனான்."

நான் வாய் திறக்கவில்லை.

அந்தக் கிழமையே அக்கா அந்த வீட்டிலிருந்து வெளிக்கிட வேண்டியதாயிற்று. கப்பல்துறையில் ஒரு அறை எடுத்து, கண்டி வீதியால் பஸ்ஸில் வேலைக்கு வந்துபோனார். மருமகள் படிக்கிற பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே, பள்ளி விடுகிற நேரத்தில் நின்று பார்ப்பார். கிட்டப் போகமாட்டார். அலுவலகத்தில் இப்போது ஒரு தரம் கேட்டதோடு விட்டுவிடுவார். சிலவேளை கேட்கவே மாட்டார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், "பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை என்னோட ஒருக்கா வாறீங்களோ?" என்றார். எங்கே என்று கேட்டேன். கடலுக்கு என்றார்.

மூன்று வாரம் வரிசையில் நின்று அவர் ஒரு கான் எண்ணெய் சேர்த்திருந்தார். அதே கான், அதே தடி. தம்பியோடு தொழில் செய்த, சொந்தப் போட் வைத்திருந்த ஒரு வயதான சம்மாட்டி, வேண்டாம் தங்கச்சி என்று சொல்லிச் சொல்லியே எங்களை ஏற்றினார். ஓடியது அவர் மச்சாளிடம் விலைக்கு வாங்கிப் பூட்டியிருந்த தம்பியின் என்ஜின்தான். காலை ஏழு மணிக்குத் துறைமுக வாயைத் தாண்டினோம். காற்று முதுகில் அடித்தது, போட் சும்மா வழுக்கிக்கொண்டு போனது. ஒரு மணித்தியாலத்தில் அக்கா தடியை விட்டுப் பார்த்தார். பதினாலு அங்குலம். கோடு சொன்னது அதுதான். "இனித் திருப்புங்கோ" என்றார்.

திருப்பினோம். அலை போட்டின் முன்னணியத்தில் மோதி எங்கள் மேல் கொட்டியது. என்ஜின் கத்திய கத்தலுக்கு நாங்கள் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. அக்கா ஒரு கையால் விளிம்பைப் பிடித்தபடி, மற்றக் கையில் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஒரு மணித்தியாலம் ஆனதும் தடியை விட்டார். பன்னிரண்டு இருக்க வேண்டும். பத்துத்தான் இருந்தது. கரை இன்னும் எட்டவாகக் கிடந்தது.

அவர் மடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மச்சாள் எறிந்துவிட்டதைப் பொறுக்கி வைத்திருந்திருக்கிறார். பென்சிலால், ஆடுகிற போட்டில், கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, ரெண்டு போதும் எண்டு சொன்னது நான்" என்றேன். சம்மாட்டிக்குக் கேட்கவில்லை. காற்று அப்படி.

அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் சொன்னீங்கள். நான் கேட்டன்" என்றார். தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு, "என்ர சீவியத்தில ஒருக்காத்தான் கேட்டனான்" என்றார். கோபமாகச் சொன்னாரென்றால் தாங்கியிருப்பேன். கணக்கின் கடைசி வரியை வாசிக்கிற மாதிரிச் சொன்னார்.

கரைக்கு வந்ததும் ஈரச் சீலையோடு நேரே லிங்கநகருக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வாசலில் நின்று தாளை நீட்டினார். "மச்சாள், கோடு பிழைதான். காத்துக்கு அளக்காமக் குடுத்திட்டன். இண்டைக்குப் போய்ப் பாத்தனான். பிழை என்னிலதான்." மச்சாள் தாளை வாங்கவில்லை. கதவைச் சாத்தினார். படலைக் கதவடியில் நின்ற என்னை அக்கா திரும்பிப் பார்த்து, "நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். நீங்கள் சோதினை எழுத வேணும்" என்றார். அதைச் சாட்டாக வைத்துக்கொண்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சாட்டு இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குப் பயம்.

சோதனைக்கு அவர் வரவில்லை. என் முன்மேசையில் அவருடைய சுட்டெண் ஒட்டியிருந்தது, கதிரை வெறுமையாக இருந்தது. இரண்டு புள்ளிகளைத் தந்து அவற்றினூடாகச் செல்லும் நேர்கோட்டின் சமன்பாட்டைக் காண்க என்று ஒரு கேள்வி வந்தது. ஐந்து நிமிடத்தில் செய்து முடித்தேன். சித்தியடைந்தேன். எழுதுவினைஞர் ஆனேன். என் மேசைக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பது அக்காதான். "சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று கேட்பார். காணும் என்பேன்.

போன மாரியில் டெங்குக் காய்ச்சல் வந்து நாலு நாளில் அக்கா செத்துப்போனார். கப்பல்துறையில் அந்த ஒற்றை அறைக்கு முன்னால் தகரக் கொட்டில் போட்டிருந்தார்கள். சனம் குறைவு. வரமாட்டார் என்று நினைத்த மச்சாள் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். பெட்டிக்குக் கிட்டப் போகாமல், வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"நீங்கள் ஒரு ஆள்தான் கடைசிமட்டும் இவவோட நிண்டது. செத்தவவைக் குறை சொல்லக் கூடாது. எண்டாலும் மனம் கேக்குதில்லைப் பிள்ளை. இவவுக்குக் கணக்குத் தெரியாதுதானே, மூண்டு தரம் பெயில் விட்டவ. பக்கத்து மேசையில நீங்கள் இருந்தீங்கள். அந்தத் தாளை உங்களிட்ட ஒருக்காக் காட்டியிருந்தா என்ர மனிசன் இண்டைக்கு இருந்திருப்பார். காட்டியிருக்கலாம்தானே?"

அவர் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சின்னப்பிள்ளையும் பார்த்தது. யாரோ தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார்கள். மச்சாள் ஒன்றை எடுத்து என் கையில் தந்தார்.

"குடியுங்கோ பிள்ளை, ஆறுது" என்றார்.

குடித்தேன்.